பிள்ளைகள் வராத விளையாட்டுச் சாமான் கடை

யாழ்ப்பாண நகரத்தில் எனக்குத் தெரிந்த ஒரு விளையாட்டுச் சாமான் கடை இந்த வருடம் மூடப்பட்டது. இப்போது அந்த இடத்தில் போன் கவர் விற்கிறார்கள். இதை யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான் வருகிறது: "ஒன்லைன் வந்தாப் பிறகு ஆர் கடைக்குப் போகினம்?" நடக்கவேண்டியது நடந்தது என்ற தொனியில் சொல்லிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அந்தப் பதில் செமிக்கவில்லை. ஒன்லைன்காரன் வந்தான், கடைக்காரன் போனான் என்று ஒரே வரியில் முடிகிற கதை இல்லை இது. அந்தக் கடையோடு சேர்ந்து போனது என்ன என்பதை மலிவு, வசதி என்ற கணக்கை வைத்துப் பார்த்தால் கண்டுபிடிக்கவும் முடியாது.

இந்த வாதத்துக்கு எல்லாரும் சாட்சிக்கு இழுப்பது அமெரிக்காவின் ரோய்ஸ் ஆர் அஸ் என்ற விளையாட்டுச் சாமான் கடைகளை. அவ்வளவு பெரிய கொம்பனியே விழுந்துவிட்டது, எங்களூர்க் கடை எம்மாத்திரம் என்பார்கள். அது எப்படி விழுந்தது என்று கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கவேண்டும். 1948இல் சார்ள்ஸ் லாசரஸ் என்பவர் வாஷிங்டனில் குழந்தைகளுக்கான கட்டில், தொட்டில் விற்கும் கடையாகத்தான் தொடங்கினார். கட்டில் வாங்கியவர்கள் அடுத்த பிள்ளைக்கும் அதையே பாவிப்பார்கள், விளையாட்டுச் சாமான் வாங்கியவர்கள் அது உடைந்ததும் திரும்பி வருவார்கள் என்பதைக் கண்டு தொழிலை மாற்றினார். 2000ஆம் ஆண்டில் அந்தக் கொம்பனி தன் ஒன்லைன் வியாபாரத்தையே அமேசனின் கையில் பத்து வருட ஒப்பந்தத்தில் கொடுத்தது. சில வருடங்களில் அது வழக்காகி முறிந்தது. 2005இல் முதலீட்டு நிறுவனங்கள் சேர்ந்து 6.6 பில்லியன் டொலருக்குக் கொம்பனியை வாங்கின. வாங்குவதற்காகப் பட்ட கடனில் பெரும்பகுதியைக் கொம்பனியின் தலையிலேயே கட்டினார்கள். அதன் பிறகு ஆண்டுக்கு ஏறத்தாழ 400 மில்லியன் டொலர் வட்டிக்கே போனது. கடையைத் திருத்தவோ, ஒன்லைனில் தாங்களே ஒழுங்காக இறங்கவோ கையில் காசு மிஞ்சவில்லை. 2017 செப்ரெம்பரில் வங்குரோத்து, 2018 ஜூனில் அமெரிக்கக் கடைகள் எல்லாம் பூட்டு. லாசரஸ் அந்த வருடம் மார்ச்சில், கடைகளை விற்றுத் தீர்க்கும் அறிவிப்பு வந்த அதே மாதத்தில், 94 வயதில் இறந்தார்.

ஆக, அமேசன் அந்தக் கதையில் இருக்கிறதுதான், ஆனால் கழுத்தை நெரித்தது வட்டி. மறுபக்கம் லண்டனில் 1760இல் தொடங்கிய ஹம்லீஸ் விளையாட்டுச் சாமான் கடை இன்னும் நிற்கிறது. 2019இல் அதை இந்தியாவின் ரிலையன்ஸ் வாங்கியது. ஒன்லைன் காலத்தில் விளையாட்டுச் சாமான் கடை எதுவுமே தப்பாது என்பது உண்மையானால் இப்படி ஒன்று நின்றிருக்காது.

எங்களிடம் எப்போது இருந்தது?

யாழ்ப்பாணத்தைப் பற்றிப் பேசும்போது இன்னொரு கேள்வி முன்னால் வருகிறது. விளையாட்டுச் சாமான் கடை என்ற ஒன்று எங்களிடம் எவ்வளவு காலம் இருந்தது? சண்டைக்கு முந்திய காலத்தில் கொழும்பில் வேலை செய்த தகப்பன்மார் யாழ்தேவி ரயிலில் வரும்போது கொண்டுவந்த சாமான்கள் சில வீட்டு அலுமாரிகளில் இருந்தன. பெரும்பாலும் தொடவிடாமல் கண்ணாடிக்குள் வைத்திருப்பார்கள். 1990இல் ரயில் நின்றது. பிறகு பொருளாதாரத் தடை. தடைப் பட்டியலில் மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றரி எல்லாம் இருந்தன. பற்றரி இல்லாத ஊரில் பற்றரியில் ஓடும் சாமானுக்கு என்ன வேலை? சைக்கிளைத் தலைகீழாக நிமிர்த்தி வைத்து, டைனமோவைச் சுத்தி வானொலி கேட்ட காலம் அது. பிள்ளைகள் மீன் ரின்னில் லொறி செய்தார்கள், சோடா மூடிதான் சில்லு. நொங்குக் கோம்பை இரண்டைத் தடியில் கோத்து வண்டில் உருட்டினார்கள். போளை இருந்தது, கிட்டிப்புள் இருந்தது, தைப்பொங்கலுக்குப் பட்டம் இருந்தது. ஆஸ்பத்திரிக் கழிவு சிரிஞ்சில் தண்ணீர் அடித்து விளையாடியவர்களும் உண்டு. இன்றைக்கு நினைத்தால் பயமாக இருக்கிறது.

அந்தக் காலத்தைச் சிலர் பொற்காலமாகச் சொல்வார்கள். என்னால் அப்படிச் சொல்ல முடியாது. கையால் செய்த லொறி நல்ல லொறிதான். ஆனால் அதைச் செய்த பிள்ளைக்கு வேறு வழி இருக்கவில்லை. வேறு வழி இருந்து, அதற்குள் மீன் ரின்னைத் தெரிந்தெடுத்திருந்தால் அது வேறு கதை.

2002இல் யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதை திறந்ததும் லொறிகள் வந்தன. கொழும்புப் புறக்கோட்டைக் கடைகளில் என்ன இருந்ததோ அது ஒரு கிழமைக்குள் யாழ்ப்பாணத்தில் கிடைத்தது. நான் சொல்லும் கடையும் அந்த அலையில் வந்ததுதான். 2006 ஆகஸ்டில் பாதை மறுபடி பூட்டப்பட்டபோது கடைக்காரர் இருந்த சாமானை இழுத்து இழுத்து விற்றார். சண்டை முடிந்து பாதை திறந்த பிறகுதான் உண்மையான வியாபாரம். அதிலிருந்து 2020 கொரோனா ஊரடங்கு வரைக்கும் கணக்குப் போட்டால் பத்து வருடத்துக்குக் கொஞ்சம் கூட. லண்டன் பிள்ளைகளுக்கு இரண்டரை நூற்றாண்டாக ஒரு கடை திறந்திருக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைத்தது அவ்வளவுதான், அதுவும் நடுவில் அறுந்து அறுந்து. ஒரு தலைமுறைகூடச் சரியாக அனுபவிக்காத ஒன்றைக் "காலம் போய்விட்டது" என்று கைகழுவுகிறோமே என்பதுதான் எனக்குச் சகிக்கமுடியாமல் இருக்கிறது.

சோதனைப் பற்றரி

கடை பெரிதில்லை. முன்னுக்கு ஒரு கண்ணாடி மேசை, மூன்று பக்கமும் கூரை வரை தட்டுகள். மேல் தட்டுகளில் பெரிய பெட்டிகள்: ரிமோட் கார், சமையல் செற், ரயில். இடுப்பு உயரத்துக்குக் கீழே திறந்த பெட்டிகளில் சின்னச் சாமான்கள். பம்பரம், பிளாஸ்ரிக் மிருகங்கள், சாவி முறுக்கினால் பாயும் தவளை, பின்னுக்கு இழுத்து விட்டால் ஓடும் கார். இது தற்செயலான ஒழுங்கு இல்லை. பெற்றோரின் கண் மேலே போகும், பிள்ளையின் கண் கீழே நிற்கும். கீழே இருப்பதெல்லாம் பிள்ளையின் கைக்காசுக்கு அடங்கும் விலையில் இருக்கும்படி அவர் பார்த்துக்கொண்டார்.

கண்ணாடி மேசையின் லாச்சிக்குள் நாலு பற்றரி இருக்கும். விற்பதற்கில்லை, சோதிப்பதற்கு. எந்தச் சாமானைக் கேட்டாலும் பெட்டியைப் பிரித்து, பின்மூடியைச் சின்னத் திருப்புளியால் கழற்றி, அந்தப் பற்றரிகளைப் போட்டு மேசையில் ஓட விடுவார். ஒரு பஸ் இருந்தது. ஓடிப்போய் எதிலாவது முட்டினால் தானாகத் திரும்பி வேறு பக்கம் போகும். முதன்முதல் அதைப் பார்க்கிற பிள்ளை வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அவர் பஸ்ஸைத் தூக்கிக் கவிழ்த்து, அடியில் ஐந்தாவதாக ஒரு சின்னச் சில்லு வட்டத் தட்டில் சுழல்வதைக் காட்டுவார். "இஞ்ச பார் பிள்ளை, இவர்தான் திருப்பிறவர். முட்டினவுடனை இவர் மற்றப் பக்கம் திரும்புறார், பஸ்ஸும் அவரோடை போகுது." பிள்ளை விரலால் அந்தச் சில்லைத் தொட்டுப் பார்க்கும். பிறகு பற்றரியைக் கழற்றி லாச்சிக்குள் போட்டுவிட்டு, வாங்கினாலும் சரி, வாங்காவிட்டாலும் சரி, பெட்டியை மூடுவார்.

வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா என்று கேட்பார். இருக்கிறதென்றால் சில சாமான்களைத் தரமாட்டார். "இதின்ரை சில்லு கழரும், சின்னது வாய்க்குள்ளை போட்டிடும்" என்பார். மூன்று வயதுக்குக் கீழ் ஆகாது என்று பெட்டியில் போட்டிருக்கும் அந்த வட்டக் குறியைப் பலர் பார்ப்பதே இல்லை. ஊசியால் குத்தினாற் போல மனதில் நிற்கும்படி அதைச் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

அவர் சொன்னது

கடை மூடப்போகிறது என்று கேள்விப்பட்டு ஒரு பின்னேரம் போனேன். பாதித் தட்டு காலியாக இருந்தது. என்ன அண்ணை, ஒன்லைன்தானே காரணம் என்று, ஊரெல்லாம் சொல்வதையே நானும் கேட்டேன்.

முதலில் அவர் கணக்கைத்தான் சொன்னார். 2022இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360 ரூபாய்க்கு மேல் போனது. சீனாவில் இருந்து வரும் பிளாஸ்ரிக் சாமான் எல்லாம் ஒரேயடியாக விலை ஏறியது. அதே வருடம் ஏப்ரலில் மத்திய வங்கி வட்டி வீதத்தை ஒரே நாளில் ஏழு வீதப் புள்ளிகள் தூக்கியது. சாமான் எடுக்கக் கடன் வாங்கியிருந்தவர்களுக்கு அது நேராக விழுந்த அடி. கடை வாடகையும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. பெரிய கொம்பனிக்கு நடந்ததும் இதுவும் அளவில்தான் வித்தியாசம் என்று அப்போது நினைத்தேன்.

அடுத்து, புறக்கோட்டை. "நான் ஆரிட்டை மொத்தமா எடுத்தனோ, அவரே இப்ப போனுக்குள்ளாலை தனித்தனியா விக்கிறார். எனக்குத் தந்த விலைக்குக் கிட்ட. நான் எப்பிடித் தம்பி போட்டி போடுறது?" இதைக் கோபமில்லாமல் சொன்னார். அந்த வியாபாரியை நெடுங்காலமாகத் தெரியும், அவருக்கும் பிழைப்பு இருக்கிறது என்றார்.

நான் கிளம்ப எழும்பினேன். அப்போதுதான் அதைச் சொன்னார்.

"ஆனா நான் மூடுறது இதாலை எல்லாம் இல்லை. வட்டியைச் சமாளிச்சிருப்பன். பிள்ளையள் கடைக்கு வாறேல்லை. தாய் தேப்பன்தான் வருகினம். போனிலை படத்தைக் காட்டி, இது இருக்கோ எண்டு கேக்கினம். இருக்கெண்டா, ஒன்லைன்ல இவ்வளவுதானே எண்டுகினம். இல்லையெண்டா போயிடுவினம். சுத்திப் பாக்கிறேல்லை. சுத்திப் பாக்கிறது பிள்ளையள்தான். அதுகள் வந்தால்தான் இந்தச் சாமான் விலைப்படும். படத்தோடை வாறவைக்குக் கடை தேவையில்லை."

கீழ்த்தட்டுப் பெட்டிகளைப் பார்த்தேன். மேல் தட்டுகள் காலியாகியிருக்க, அவை மட்டும் நிரம்பித்தான் இருந்தன. ரிமோட் காரின் பெயரைப் போட்டு ஒருவர் தேடுவார். சாவி முறுக்கும் தவளையை யார் தேடுவார்கள்? தேட வேண்டுமென்றால் அப்படி ஒன்று இருப்பது முதலில் தெரியவேண்டும். பெயர் தெரியாத, இருப்பதே தெரியாத ஒன்றைக் கண்டு "இது என்ன?" என்று கேட்பதற்குத்தான் பிள்ளை கடைக்கு வருகிறது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு எழுத்துக் கூட்டித் தேடத் தெரியாது. கண்ணுக்கு நேரே இருந்தால் எடுத்துப் பார்க்கத் தெரியும். அந்தத் தட்டு முழுக்க, தேடப்படாத சாமான்கள். அவற்றை விற்கக்கூடிய ஒரே வாடிக்கையாளர் கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

யார் தெரிந்தெடுப்பது

வீடுகளில் இப்போது எப்படி நடக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். பிள்ளை நித்திரையான பிறகு தாயும் தகப்பனும் போனைப் பார்த்துத் தெரிவு செய்கிறார்கள். கூரியர்காரர் கொண்டுவருகிறார், வாசலில் காசு கொடுக்கிறோம். பிள்ளைக்குக் கிடைப்பது ஒரு பெட்டி. சந்தோசம்தான், இல்லையென்று சொல்லவில்லை. என் மகளுக்கு அப்படி வந்த சமையல் செற் ஒன்று படத்தில் அடுப்படி அளவு இருந்து, கையில் வந்தபோது உள்ளங்கை அளவு இருந்தது. அவள் அதற்காக அழவில்லை. அவளாக ஆசைப்பட்டுக் கேட்ட சாமான் இல்லையே, அழுவதற்கு. எனக்கு அதுதான் கவலை தந்தது.

கடையில் நடந்தது வேறு. ஐநூறு ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளை நிற்கும். பஸ்ஸா தவளையா? பஸ் எடுத்தால் மிச்சமில்லை. தவளை எடுத்தால் பம்பரமும் எடுக்கலாம். பஸ்ஸை எடுக்கும், வைக்கும், மறுபடி எடுக்கும். அம்மாவுக்குப் பொறுமை போகும், கடைக்காரருக்குப் போகாது. "ஆறுதலாப் பார் பிள்ளை" என்பார். ஒன்றை வாங்குவது என்றால் மற்றதை விட்டுவிட்டுப் போவது என்பதை ஒரு பிள்ளை அங்கே நின்றுதான் பழகியது. வளர்ந்த ஓர் ஆள் அதன் கேள்விக்கு மதித்துப் பதில் சொல்லி, அது சொன்ன முடிவை ஏற்று, அதன் கையில் மிச்சக்காசை வைத்த இடமும் அதுதான். சாப்பாட்டுக் கடையிலும் சரி, புடவைக் கடையிலும் சரி, பிள்ளையைப் பார்த்து யார் பேசுகிறார்கள்? எங்கள் ஊரில் பெரியவர்கள் கதைக்கும் இடத்தில் பிள்ளை வாய் திறந்தால் "உனக்கென்ன?" என்போம். பிள்ளை தன் விருப்பத்தைச் சொல்லி, அதற்குக் காரணமும் சொல்லக் கிடைத்த இடங்கள் எங்களிடம் ஏற்கனவே குறைவு. அதனால்தான் இந்த இழப்பு எங்களுக்குக் கூடுதல் இழப்பு என்று நினைக்கிறேன்.

ஒன்லைன் தீமை என்று நான் சொல்லவில்லை. எங்கள் அயலில் ஒரு பிள்ளைக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் சில விசேடமான சாமான்கள் வேண்டும் என்று சொல்லியிருந்தார். நகரத்தில் ஏறி இறங்கியும் கிடைக்காமல் ஒன்லைனில்தான் வந்தது. தீவகத்தில் இருக்கும் ஒரு தாய்க்கும் அது பெரிய உதவி. இருக்கட்டும். தேவை இன்னதென்று தெரிந்த சாமானை அப்படி வாங்குவதில் எந்தக் குறையும் இல்லை. பிள்ளையின் விருப்பம் என்னவென்று பிள்ளைக்கே இன்னும் தெரியாத இடத்தில்தான் கடை வேண்டியிருக்கிறது.

வெளிநாட்டுச் சொந்தக்காரர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். முன்பு பிறந்தநாள் என்றால் காசு அனுப்பி, "பிள்ளைக்கு ஏதும் வாங்கிக் குடுங்கோ" என்பார்கள். அந்தக் காசு பிள்ளையோடு சேர்ந்து கடைக்குப் போகும். இப்போது அங்கே இருந்தபடியே இங்குள்ள தளங்களில் ஓடர் போட்டுவிடுகிறார்கள். அன்பு அதேதான், ஐயமில்லை. ஆனால் யாழ்ப்பாணத்துப் பிள்ளையின் விருப்பத்தை ரொறன்ரோவில் இருந்து தீர்மானிக்கிறார்கள். கடைத்தெருவுக்கு வந்துகொண்டிருந்த ஒரு சின்ன வருமானமும் அதோடு நின்றது.

நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் இதற்கு நல்ல மறுப்பு. ஒன்லைனோடு எல்லாம் போய்விட்டது என்பவர்கள் அங்கே ஒரு பின்னேரம் நின்று பார்க்கவேண்டும். மணற்பரப்புக்கு வெளியே தற்காலிகக் கடைகளில் அதே சீனப் பிளாஸ்ரிக், அதே விலை, சில வேளை கூட. பிள்ளைகள் தாயின் சீலையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நிற்கிறார்கள். மண் சட்டி பானை, அம்மம்மாக்குழல், வெளிச்சம் அடிக்கும் பம்பரம் எல்லாம் விலைப்படுகிறது. போனில் மலிவாகக் கிடைக்கும் என்று அங்கே யாரும் வாதிடுவதில்லை. ஏனென்றால் பிள்ளை பக்கத்தில் நிற்கிறது, கை சாமானில் இருக்கிறது. மூடிய கடைக்காரர் சொன்னது சரியென்று எனக்கு அங்கேதான் உறுதியானது. பிள்ளை வந்தால் வியாபாரம் நடக்கும். வருடத்தில் 25 நாள் மட்டும்தான் வரும் என்றால் எந்தக் கடை தாங்கும்?

கடைக்காரர் மிச்சச் சாமானை மருமகனின் பான்சி கடையில் ஓர் அலுமாரியில் வைத்திருக்கிறார். கீழ்த்தட்டு இரண்டும் அவருடையவை. பின்னேரங்களில் அவரும் அங்கே இருப்பார். மகளின் பிறந்தநாள் கார்த்திகையில் வருகிறது. ரொறன்ரோவில் இருக்கும் மச்சான் என்ன ஓடர் போட என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம், காசை அனுப்புங்கோ, பிள்ளை கடையில் நிற்கும்போது வீடியோவில் எடுக்கிறோம், அவளே காட்டுவாள் என்றேன். "விலை கூடவெல்லோ குடுப்பியள்?" என்றார். குடுப்பம் என்றேன். எங்கள் பின்னேரம் ஐந்து மணி அவருக்கு விடிய ஆறரை. வேலைக்கு வெளிக்கிட முதல் எழும்பி இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.